கடைசியில் திருக வேண்டிய திருகு

பெட்ரோல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவைக்கு, பிஸ்டன் தன் பயணத்தின் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே பிளக்கின் முனையில் பொறி கிடைத்தாக வேண்டும். அந்தச் 'சற்று முன்பு' எவ்வளவு என்பதை அளந்து நிறுத்துவதைத்தான் பட்டறைகளில் 'டைமிங் வைப்பது' என்கிறார்கள். ஆக்சிலரேட்டரில் கால் படாமல், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது, இயந்திரம் அணைந்துபோகாமலும் அலறாமலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் மெதுவான ஓட்டம் 'ஐடிலிங்'. இன்றைய கார்களில் இவ்விரண்டையும் ஒரு சிறு கணினி நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுத் தானே திருத்திக்கொள்கிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800 ஆகிய பழைய கார்களிலோ இந்தக் கணக்கை ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் பழகிய காதும்தான் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடக எல்லையும் ஆந்திர எல்லையும் நெருங்கி வரும் வேப்பனப்பள்ளிப் பகுதி இந்தப் பாடத்தைக் கற்பதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இங்கே 'பாயிண்ட்', 'டைமிங்', 'பிளக்' என்ற சொற்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, நில அமைப்பே ஒரு சோதனைச் சாலையாக அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை, சூளகிரி வழியாக ஓசூரை அடையும்போது சாலை 900 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கீழே சீராக வைக்கப்பட்ட ஒரு கார்புரேட்டர் கார், மேலே போய் நிற்கும்போது அதே குரலில் பேசுவதில்லை. இன்னொரு முரணும் இப்பகுதிக்கு உண்டு. 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் பாயிண்ட் தேய்ப்பது எப்படி என்பதைப் பள்ளி மாணவனும் அறிந்திருந்தான். அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100, 2020இல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது கார்புரேட்டரைக் கைவிட்டுக் கணினி செலுத்தும் எரிபொருள் பீச்சலுக்கு மாறியது. மொபெட்டே மாறிய பிறகு, பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துவருவதில் வியப்பில்லை.

பொறி ஏன் முன்கூட்டியே கிடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை, கலவை எரிவதற்கு நேரம் பிடிக்கிறது என்பதுதான். பெட்ரோல் கலவை வெடிக்கிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், ஒழுங்காக ஓடும் இயந்திரத்தில் அது வெடிப்பதில்லை. பிளக்கின் முனையில் பற்றிய சுடர், வைக்கோற்போரில் பற்றிய தீயைப்போல, ஆனால் சில மில்லிநொடிகளுக்குள், அறை முழுவதும் பரவுகிறது. அந்த எரிதலால் எழும் உச்ச அழுத்தம், பிஸ்டன் மேலே போய்த் திரும்பி இறங்கத் தொடங்கிய பிறகு, அதாவது கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டு உச்சப் புள்ளியைக் கடந்து 12 முதல் 15 பாகை வரை சுற்றிய நிலையில் பிஸ்டனின் தலையில் விழுந்தால்தான் அந்த அடி முழு வேலையாக மாறும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இயந்திரத்தின் வளைதண்டு ஒரு மில்லிநொடியில் 5 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. 4000 சுற்றில் அதே மில்லிநொடிக்குள் 24 பாகை சுற்றிவிடுகிறது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி முந்திக்கொண்டே போக வேண்டும். வேகத்தோடு சேர்ந்து கலவையின் கலக்கமும் கூடிச் சுடரை விரைவாகப் பரப்புவதால், ஐந்து மடங்கு வேகத்துக்கு ஐந்து மடங்கு முந்தல் தேவைப்படுவதில்லை. பெரும்பாலான பழைய இயந்திரங்களில் மொத்த முந்தல் 30 பாகையை ஒட்டி நின்றுவிடுகிறது. முந்துவதை 'அட்வான்ஸ்' என்றும் பிந்துவதை 'ரிட்டார்ட்' என்றும் மெக்கானிக்குகள் சொல்வதையே இங்கும் கையாளலாம்.

பொறியை உண்டாக்கும் ஏற்பாடு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்தது. முக்கால் நூற்றாண்டு காலம் உலகத்துக் கார்களில் பெரும்பகுதி அதையே பின்பற்றியது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயில் எனப்படும் சுருளின் வழியே ஓடிக்கொண்டிருக்க, 'பாயிண்ட்' எனப்படும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் விலகி அந்த ஓட்டத்தைத் திடீரென்று துண்டிக்கின்றன. துண்டிக்கப்பட்ட அந்த நொடியில் சுருளுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, ரோட்டர் என்னும் சுழலும் கையின் வழியாக முறைப்படி ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் போய்ச் சேருகிறது. பாயிண்டும் ரோட்டரும் அடங்கிய குப்பிதான் டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் விலகும் நொடிதான் பொறி பிறக்கும் நொடி என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் டைமிங்கின் பாதி மர்மம் அவிழ்ந்துவிடும்.

இந்தப் பாகங்களுக்காகத் தென்னிந்தியப் பட்டறைகள் வெகுதூரம் அலைய வேண்டியிருந்ததில்லை. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். சென்னைப் பாடியிலும், 1951இல் தொடங்கப்பட்டு 'மைக்கோ' என்ற பெயரால் ஸ்பார்க் பிளக்குக்கே மறுபெயராகிவிட்ட நிறுவனம் பெங்களூரிலும் இயங்கின. மாருதிக்கான மிகுனி வகைக் கார்புரேட்டரை மறைமலைநகரில் யூகால் நிறுவனம் செய்துவந்தது. இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவழியில் இருக்கும் கிருஷ்ணகிரிக்கு இரு பக்கமிருந்தும் உதிரிபாகம் வந்தது.

வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, தண்டோடு சேர்ந்து சுழலும் இரண்டு சிறு எடைகள். ராட்டினத்தின் இருக்கைகள் வேகம் கூடும்போது வெளிப்பக்கம் விரிவதைப்போல இவை ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விரிந்து, பாயிண்டை விலக்கும் கேமைச் சற்று முன்னே தள்ளுகின்றன. இரண்டாவது, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டையான 'வேக்கம்' பெட்டி. ஆக்சிலரேட்டரை இலேசாக மட்டுமே மிதித்துச் சமதரையில் ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவாக இருப்பதால் அது மெதுவாக எரிகிறது. அந்த வேளையில் கார்புரேட்டரில் உண்டாகும் வெற்றிட இழுவை ஒரு மெல்லிய குழாய் வழியாக இந்தப் பெட்டிக்குள்ளிருக்கும் சவ்வை இழுத்துப் பொறியை மேலும் சில பாகை முந்தவைக்கிறது. அம்பாசடரின் 1489 சி.சி. இயந்திரத்தில் இந்தக் குழாயின் வாய், கார்புரேட்டரின் திராட்டில் எனப்படும் காற்றுக் கதவின் விளிம்புக்கு ஒரு நூலளவு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. கதவு முழுவதுமாக மூடியிருக்கும் ஐடிலிங்கில் இழுவை அந்த வாயை எட்டுவதில்லை. சிறிய விவரமாகத் தோன்றும் இந்த நூலளவு இடைவெளியில்தான் பழைய கார்களின் பாதி நோய்களுக்கு வேர் இருக்கிறது.

கார் நின்ற இடத்தில் உதறுகிறது, சிக்னலில் அணைகிறது என்ற புகாரோடு வரும் உரிமையாளரின் முன்னிலையில் அவசரக் கை முதலில் தேடுவது ஐடிலிங் திருகைத்தான். திருப்புளியால் அரைச் சுற்று திருகினால் காற்றுக் கதவு சற்றுத் திறந்து, இயந்திரம் உடனே குரலை உயர்த்தி, அணைவதை நிறுத்திவிடும். ஐந்து நிமிட வேலை, கூலியும் குறைவு. ஆனால் கதவு திறந்ததும் வேக்கம் குழாயின் வாய் வெளிப்பட்டு, இருக்கக்கூடாத நேரத்தில் அட்வான்ஸ் உள்ளே வருகிறது. வேகம் உயர்ந்ததால் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளும் விரியத் தொடங்குகின்றன. அடுத்த முறை டைமிங் பார்க்கும் மெக்கானிக், இப்படி வீங்கிய நிலையில் தெரியும் அடையாளத்தை நம்பி, பொறி மிகவும் முந்தியிருக்கிறது என்று முடிவுகட்டி டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்புகிறார். பொறி பிந்தினால் ஐடிலிங் தானாகவே தாழும் என்பதால், மறுபடியும் திருகு உள்ளே போகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்த பிறகு, கார் ஏற்றத்தில் இழுவை இல்லாமல், பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ரேடியேட்டரைக் கொதிக்கவைத்துக்கொண்டு போகிறது. பிந்திய பொறியால் கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் பாதி தூரம் இறங்கிவிடுவதால், வேலையாக வேண்டிய வெப்பம் புகைவழியிலும் தண்ணீரிலும் கரைகிறது. பழுது ரேடியேட்டரில் இருப்பதாக நினைத்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது இந்தக் கதையின் வழக்கமான அடுத்த அத்தியாயம்.

ஆகவே வரிசை முக்கியம். வால்வுகளின் டாப்பெட் இடைவெளி, பிளக்குகளின் நிலை, இன்டேக் மேனிஃபோல்டின் பேக்கிங்கில் காற்று கசிகிறதா என்பவை முதலில், அடுத்து பாயிண்ட், அதற்குப் பிறகே டைமிங், எல்லாம் முடிந்து, இயந்திரம் நன்றாகச் சூடேறி, சோக் முழுவதும் விடுபட்ட பிறகுதான் ஐடிலிங். எல்லோரும் முதலில் தொடும் திருகு, உண்மையில் கடைசியாகத் தொட வேண்டிய திருகு.

பாயிண்டிலிருந்து தொடங்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், நாள்பட ஓடிய பாயிண்டின் ஒரு பொட்டில் சிறு மேடும் எதிர்ப் பொட்டில் அதற்கு ஈடான குழியும் தெரியும். மின்சாரம் ஒவ்வொரு முறை துண்டிக்கப்படும்போதும் உலோகத் துகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்வதால் நேர்வது இது. அந்தத் தேய்மானம் மிகுதியாக இருந்தால், பொறித் தெறிப்பை விழுங்கப் பக்கத்தில் வைத்திருக்கும் கண்டன்சரையும் சந்தேகிக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை, மேட்டின் மீது வைத்து அளந்தால் உண்மையான இடைவெளி குழியின் ஆழத்தால் கூடிப்போயிருக்கும் என்பதால், உப்புத்தாளால் மேட்டைத் தேய்த்துவிட்டோ, புது பாயிண்ட் போட்டோதான் அளக்க வேண்டும். லூகாஸ் வகை நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை டைமிங்குக்கு முன்பே முடித்தாக வேண்டியதற்குக் காரணம், இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே விலகிப் பொறி முந்துவதும், குறைந்தால் பிந்துவதும்தான். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொடுகிறவர், தான் கட்டிய சுவரைத் தானே தள்ளுகிறார்.

டைமிங் வைக்க முதல் சிலிண்டரின் பிஸ்டனை, கலவையை அழுத்தும் பயணத்தின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த உச்சி 'டாப் டெட் சென்டர்', பட்டறைச் சுருக்கத்தில் 'டாப்'. நான்கு பயணங்கள் கொண்ட ஒரு சுழற்சியில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருவதால், இது அழுத்தத்தின் உச்சியா புகையை வெளியேற்றும் உச்சியா என்று தெரிந்துகொள்ள, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, அம்பாசடர் என்றால் முன்பக்கத்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால், மற்ற கார்களில் ஃபேன் பெல்ட்டையோ டாப் கியரில் வண்டியையோ தள்ளி, இயந்திரத்தை மெல்லச் சுற்றுவது பழைய வழி. விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறினால் அது அழுத்தப் பயணம். அம்பாசடரின் முன் கப்பியில் ஒரு வெட்டு இருக்கிறது. அதற்கெதிரே செயின் மூடியில் மூன்று முனைகள் இருக்கின்றன. நீளமான முனை டாப்பையும் மற்ற இரண்டும் அதற்கு முந்தைய 5, 10 பாகைகளையும் காட்டுகின்றன.

வெட்டைக் கையேட்டில் குறித்த பாகையில் நிறுத்திய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய ஒயர் முனைக்கும் பாடியின் இரும்புக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. கழுத்துப் பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை முதலில் ரோட்டர் சுழலும் திசையிலும், பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகவும் திருப்பினால், ஓரிடத்தில் பல்பு பளிச்சென்று பற்றும். பாயிண்ட் விலகிய இடம் அது. அங்கேயே போல்ட்டை இறுக்க வேண்டும். பல்பு கைவசம் இல்லாத காலத்தில், சிகரெட் பெட்டிக்குள்ளிருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டின் நடுவே செருகி இலேசாக இழுத்துக்கொண்டே உடலைத் திருப்பியவர்கள், தாள் கைக்கு வரும் நொடியையே அடையாளமாகக் கொண்டார்கள்; துல்லியத்தில் இது பல்புக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் போல்ட்டைத் தளர்த்தாமலே நுண்ணிய திருத்தம் செய்ய, 'ஏ', 'ஆர்' என்ற எழுத்துகள் பொறித்த ஒரு குமிழும் இருக்கிறது. அதைத் திருப்பும்போது கேட்கும் 'டிக்' ஒலிகளில் பதினொன்று சேர்ந்தால் ஒரு பாகை. இயந்திரம் ஓடும்போதே அடையாளத்தைக் காட்டும் டைமிங் லைட் வசதியானதுதான். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்து, ஐடிலிங்கையும் தாழ்த்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன வீங்கிய பொய்க் கணக்குதான் வெளிச்சத்தில் தெரியும்.

இனி ஐடிலிங். சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் இரண்டு திருகுகள் உண்டு; ஒன்று காற்றுக் கதவைத் தாங்கி நிறுத்தி வேகத்தை நிர்ணயிப்பது, மற்றொன்று ஐடிலிங் கலவையின் அளவை நிர்ணயிக்கும் மிக்சர் திருகு. வேகத் திருகால் ஓட்டத்தைச் சற்று உயர்த்திவைத்துக்கொண்டு, மிக்சர் திருகை உள்ளே திருகித் தடுமாற்றம் தொடங்கும் இடத்தையும், வெளியே திருகிக் கனத்த, மங்கிய ஓட்டம் வரும் இடத்தையும் கண்டு, இடையில் இயந்திரம் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் புள்ளியில் நிறுத்தி, மீண்டும் வேகத் திருகால் இறக்க வேண்டும். இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பழைய அம்பாசடர்களின் எஸ்.யூ. கார்புரேட்டர் இன்னும் நேர்மையானது. கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே தூக்கிப் பார்த்தால், வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இயந்திரம் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு கணம் எழுந்து மீண்டும் அடங்கினால் சரி. மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் ஐடிலிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் பிறவியிலேயே உண்டு. நான்கு சிலிண்டரின் அமைதியை எதிர்பார்த்து அதன் திருகுகளோடு போராடுவது வீண்.

கையேட்டில் அச்சிட்ட எண்கள் எந்தப் பெட்ரோலை, எந்த உயரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். அவை எழுதப்பட்டபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் அது இல்லை. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த விழாவில் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளின் வழக்கச் சரக்காகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டுகள் பொருத்திய கார்புரேட்டரில் கலவை சில விழுக்காடு மெலிந்துவிடுகிறது. ஐடிலிங்கில் தடுமாற்றமும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு தயக்கமும் தெரிகின்றன. பழைய ரப்பர் குழாய்களும் டயாஃபிரங்களும் இந்த எரிபொருளில் உப்பி விரிவடைவது தனிக் கவலை. மறுபக்கம், உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, அதே ஜெட் வழியே வரும் பெட்ரோல் ஒப்பீட்டளவில் கூடிப்போகிறது. ஓசூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு என்பதால் கலவை அதில் பாதியளவு கனக்கிறது. எத்தனால் மெலியவைத்ததில் ஒரு பங்கை மலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று சொல்லலாம். சென்னையில் தயங்கும் அதே கார் ஓசூரில் ஓரளவு இயல்பாக ஓடினால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செவி மட்டும் போதாத இடமும் ஒன்று உண்டு. அது புகைச் சோதனை மையம். பி.எஸ். 2 விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார் ஐடிலிங்கில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டுக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். அளவுக்கும் மேல் போகக்கூடாது. கலவை கனத்தால் முதல் எண் ஏறும்; பொறி தவறி 'மிஸ்' அடித்தாலோ கலவை மிகவும் மெலிந்தாலோ இரண்டாவது எண் ஏறும். சான்றிதழ் வாங்கும் தாளாக மட்டும் இதைப் பார்க்காமல், மிக்சர் திருகின் நிலையைப் படிக்கும் கருவியாகப் பார்த்தால் அந்தச் சிறு கட்டணத்துக்கு இரட்டைப் பயன் கிடைக்கும்.

பல்பாலும் அடையாளத்தாலும் வைத்த டைமிங்கை இறுதியாக உறுதிசெய்வது சாலைதான். பொறி அளவுக்கு மீறி முந்தியிருந்தால், பாரம் ஏறும்போது சுடர் சென்றடைவதற்கு முன்பே அறையின் மூலையில் எஞ்சிய கலவை அழுத்தம் தாளாமல் தானே பற்றிக்கொள்கிறது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்கும் அந்தச் சத்தம்தான் 'நாக்கிங்'. தொடர்ந்தால் பிஸ்டனையே ஓட்டையாக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி மேலுமலை ஏற்றத்தில் டாப் கியரிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், ஓரிரு நொடி இலேசாகக் கேட்டு வேகம் பிடித்ததும் மறைகிற சத்தம் சரியான இடத்துக்கு மிக அருகில் இருப்பதைக் காட்டும். ஏற்றம் முடியும்வரை நீடித்தால் குமிழை 'ஆர்' பக்கம் ஒரு பாகை, அதாவது பதினொரு 'டிக்', திருப்ப வேண்டும். சத்தமே இல்லாமல் வண்டி சோம்பினால் 'ஏ' பக்கம் அதில் பாதி. சூளகிரி கடந்து ஓசூரில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டுக் கேட்டால் ஐடிலிங் கீழே இருந்ததைவிடச் சற்றுக் கனத்திருக்கும். ஓசூரிலேயே ஓடப்போகும் கார் என்றால் சோலெக்ஸின் மிக்சர் திருகை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகலாம். மாலையில் வேப்பனப்பள்ளிக்குத் திரும்பப்போகிற கார் என்றால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.